சேலைக்குள் சுற்றி வந்த பாலன்



திருவருகைக் காலம் வந்துவிட்டால் நம் வீடுகளில் பரண்களும் பழைய பெட்டிகளும் திறக்கப்படுகின்றன. சென்ற ஆண்டு பத்திரிகைத் தாளில் சுற்றி வைத்த குடில் சுரூபங்கள் ஒவ்வொன்றாக வெளியே வருகின்றன. கொம்பு முறிந்த மாடு, நிறம் மங்கிய சூசையப்பர், எறும்பு அரித்த வைக்கோல் எனப் பணம் கொடுத்து வாங்கினால் எவ்விலையும் பெறாத பொருட்கள்தாம் அவை. ஆயினும், அவற்றைக் கையில் எடுக்கும்போது நாம் ஒரு கணம் பேச்சற்று நிற்கிறோம். இதை வாங்கித் தந்தவர் இன்று எங்கே, சென்ற முறை இதைத் துடைத்து வைத்த கை யாருடையது என்ற கேள்விகள் எழுகின்றன.

நம் முன்னோர் இந்தத் திருநாளை ‘நத்தார்’ என்றனர். போர்த்துக்கேயர் தம் மொழியில் ‘நத்தால்’ எனக் கூறியதே நம் நாவில் நத்தார் ஆயிற்று. பிறப்புத் தொடர்பான இலத்தீன் சொல்லொன்றே அதற்கும் மூலம். அவ்வாறு பார்த்தால், நாம் உச்சரிக்கும் சொல்லே பல கைகள் மாறி வந்த ஒரு ஞாபகச்சின்னமாகும்.

ஞாபகச்சின்னங்களைப் பற்றி இன்று உங்களோடு சிந்திக்க விரும்புகிறேன். அதற்கு முன், ஒரு குருவானவனாகிய நான் இவ்விடயத்தில் செய்த தவறொன்றையும் உங்களிடம் சொல்லியாக வேண்டும்.

1995ஆம் ஆண்டின் பாலன்

எங்கள் வீட்டுக் குடிலில் ஒரு சாண் நீளமான பாலன் இயேசுவின் சுரூபம் ஒன்று இருந்தது. என் அம்மம்மா, ஓகஸ்ட் மாத மடுத் திருவிழாவிற்குச் சென்றபோது அங்கிருந்த கடையொன்றில் வாங்கி வந்தது அது. மரியன்னை, சூசையப்பர், இடையர், மூவரசர் எல்லாரும் அதன்பின் ஒவ்வொரு நத்தாருக்கும் ஒவ்வொருவராக வந்து சேர்ந்தவர்கள்.

1995 ஒக்டோபர் 30ஆம் நாள் மாலை, வலிகாமத்து மக்கள் அனைவரும் உடனடியாக வெளியேற வேண்டும் என்ற அறிவித்தல் வந்தது. அப்போது எனக்கு வயது 15. அன்றிரவு கொட்டும் மழையில் இலட்சக்கணக்கான மக்கள் தென்மராட்சியை நோக்கி நடந்தார்கள். நாவற்குழிப் பாலத்தைக் கடக்க எங்களுக்கு விடியும்வரை சென்றது. எதை எடுப்பது, எதை விடுவது எனத் தீர்மானிக்க எந்த வீட்டிற்கும் அவகாசம் இருக்கவில்லை. அப்பா சைக்கிளில் அரிசியையும் சட்டிபானைகளையும் கட்டிக்கொண்டிருந்தார். அம்மாவோ சுவாமித்தட்டுக்குக் கீழிருந்த தகரப் பெட்டியைத் திறந்து பாலனை மட்டும் எடுத்து, தமது சேலையொன்றில் சுற்றினார். அப்பாவுக்குக் கோபம் வந்தது.

“இந்த நேரத்திலை உதையேனப்பா சுமக்கிறாய்? ரெண்டு கொத்து அரிசியெண்டாலும் கூட வைக்கலாம்” என்றார்.

“பிள்ளையை விட்டிட்டு எப்பிடிப் போறது?” என்று மட்டும் அம்மா சொன்னார்.

மற்றைய சுரூபங்கள் அந்தத் தகரப் பெட்டிக்குள்ளேயே இருந்தன. 1996ஆம் ஆண்டின் நடுப்பகுதியில் நாங்கள் ஊர் திரும்பியபோது அந்தப் பெட்டி மாத்திரமன்றி, வீட்டின் கதவு நிலைகளும் இருக்கவில்லை.

இடைப்பட்ட அந்த நத்தாரை நான் இன்றும் மறக்கவில்லை. பாடசாலையொன்றின் விறாந்தையில் ஏழெட்டுக் குடும்பங்களோடு நாங்கள் தங்கியிருந்தோம். மின்சாரம் நின்றுபோய் ஆண்டுகள் பல ஆகியிருந்தன. மண்ணெண்ணெயைச் சிக்கனமாக எரிப்பதற்கு ஜாம் போத்தலுக்குள் திரியிட்ட விளக்கு ஒன்றே எல்லாருக்கும் பொதுவானது. டிசெம்பர் 24ஆம் நாள் இரவு, அம்மா ஒரு கடகத்தில் வைக்கோலைப் பரப்பி அதைத் தீவனத்தொட்டியாக்கினார். எங்கள் வீட்டு வழக்கப்படி, வீட்டின் கடைக்குட்டியே பாலனை வைக்க வேண்டும். ஆறு வயதான என் தம்பி சேலையைப் பிரித்துப் பாலனை எடுத்தபோது இடக்கையின் இரண்டு விரல்கள் உடைந்திருந்ததைக் கண்டு விம்மத் தொடங்கினான். அம்மா அவனை அணைத்து, “இவருக்கும் எங்களோடை வரேக்குள்ளை காயம் பட்டிட்டுதடா” என்றார்.

யாரோ ஒருவர் சைக்கிளைத் தலைகீழாக நிறுத்தி, மிதியைக் கையாற் சுற்றி, டைனமோவில் வந்த மின்சாரத்தில் ஒலிநாடாவொன்றைப் பாடவிட்டார். சுற்றும் வேகம் குறையும்போது பாட்டும் இழுபட்டது. பிள்ளைகள் அதைக் கேட்டுச் சிரித்தார்கள். விறாந்தையின் மறுகோடியில் தங்கியிருந்த, நெற்றி நிறையத் திருநீறு பூசிய ஆச்சி ஒருவர் மெதுவாக எழுந்து வந்து கடகத்தின் ஓரத்தில் ஒரு செவ்வரத்தம்பூவை வைத்துவிட்டுச் சென்றார். மரியாவும் சூசையும் இடையரும் இல்லாத அந்தக் குடிலில் யாருமே குறைவாக இருந்ததாக எனக்குத் தோன்றவில்லை. அவர்களுடைய இடங்களில் நாங்கள் உட்கார்ந்திருந்தோம்.

சுமந்து வந்த விசுவாசம்

என் அம்மா செய்தது அவர் கண்டுபிடித்த புதுமையன்று. இந்த மண்ணின் கத்தோலிக்க விசுவாசமே அவ்வாறு கைகளில் ஏந்திக் காப்பாற்றப்பட்டதுதான். ஒல்லாந்தர் காலத்தில் கத்தோலிக்கர் துன்புறுத்தப்பட்டபோது, 1670ஆம் ஆண்டில் மாந்தையிலிருந்து தப்பிச் சென்ற குடும்பங்கள் தம்மோடு தூக்கிச் சென்ற அன்னையின் சுரூபமே இன்று மருதமடுவில் நாம் வணங்கும் சுரூபம். 1687இல் பிச்சைக்காரர் கோலத்தில் யாழ்ப்பாணம் வந்த புனித யோசே வாஸ் அடிகளார், மறைந்து வாழ்ந்த விசுவாசிகள் தம்மை இனங்காணும்பொருட்டுக் கழுத்தில் செபமாலையை அணிந்து வீடு வீடாகச் சென்றார். குருக்கள் இல்லாத ஊர்களில், தாய்மார் ஒளித்து வைத்த படங்களும் செபமாலைகளுமே மறைக்கல்விப் புத்தகங்களாயின.

நம் காலத்திலும் இது நிகழ்ந்தது. 2008 ஏப்ரலில் மடுப் பகுதியைப் போர் நெருங்கியபோது, மருதமடு அன்னையின் சுரூபம் தேவன்பிட்டிக்குக் கொண்டு செல்லப்பட்டு, அதே ஆண்டு ஓகஸ்டில் மீண்டும் மடுவிற்குக் கொண்டுவரப்பட்டது. இடம்பெயர்ந்த மக்களின் தாயும் இடம்பெயர்ந்தார். 2015 ஜனவரி 14ஆம் நாள் கொழும்பில் யோசே வாஸ் அடிகளாரைப் புனிதராக உயர்த்திய திருத்தந்தை பிரான்சிஸ், அன்று பிற்பகலே மடுவிற்கு வந்து அந்தச் சுரூபத்தின் முன் நின்றதை நம்மிற் பலர் நேரிற் கண்டோம்.

பூட்டி வைத்த குற்றம்

இப்பொழுது என் தவறுக்கு வருகிறேன். என் அம்மா 2022ஆம் ஆண்டில் இறைவனடி சேர்ந்தார். அப்பா அதற்கு முன்னரே சென்றுவிட்டார். அக்கா ரொறன்ரோவிலும் தம்பி பரிஸிலும் வாழ்கின்றனர். முதலாம் ஆண்டு நினைவுத் திருப்பலிக்கு அக்கா தம் மகளுடன் வந்திருந்தார். அம்மாவின் அலுமாரியை ஒழுங்குபடுத்தியபோது, பழைய சேலையில் சுற்றியபடி பாலன் இருந்தது.

“தம்பி, பாலனை நான் கொண்டுபோகட்டே? பிள்ளையளுக்கு அம்மம்மாவைப் பற்றிச் சொல்ல என்னட்டை ஒண்டுமில்லை” என்று அக்கா கேட்டார்.

நான் மறுத்தேன். “அது இந்த மண்ணிலை இருக்க வேண்டிய பொருள் அக்கா” என்றேன். பேச்சு பக்தியாகத்தான் இருந்தது. அக்கா நெடுநேரம் ஒன்றும் பேசவில்லை. புறப்படும் நாளன்று மட்டும், “அம்மா அந்த மழைக்குள்ளை இதை மண்ணுக்காகத் தூக்கேல்லை, எங்களுக்காகத்தான் தூக்கினவ” என்று சொல்லிவிட்டுச் சென்றார். அதன்பின் எங்கள் தொலைபேசி உரையாடல்கள் குறைந்தன. நத்தார் வாழ்த்துக்கூட வட்ஸ்அப்பில் ஒரு படத்தோடு முடிந்தது.

பாலனை நான் அறைவீட்டுக்குக் கொண்டு வந்தேன். உடைந்துவிடும் என்ற அச்சத்தில் பஞ்சில் பொதிந்து அலுமாரிக்குள் வைத்துப் பூட்டினேன். இரண்டு நத்தார்கள் கடந்தன. இரண்டிலும் அதை நான் வெளியே எடுக்கவில்லை. குண்டுக்கும் மழைக்கும் நடுவே ஒரு தாய் சுமந்து வந்த பாலனுக்கு, சமாதானக் காலத்தில் அவருடைய குருவானவனாகிய மகனின் குடிலில் இடம் கிடைக்கவில்லை! விடுதியில் இடமில்லை என்று சொன்ன பெத்லகேம்காரரைப் பற்றி ஆண்டுதோறும் மறையுரை ஆற்றிய நான், இதை உணர இரண்டாண்டுகள் எடுத்தேன்.

ஆறு வயதுச் சட்டை

என் கண்களைத் திறந்தவர், நான் முன்னர் பணியாற்றிய முல்லைத்தீவுக் கரையோரப் பங்கைச் சேர்ந்த ஒரு கடற்றொழிலாளி. 2004 டிசெம்பர் 26 ஒரு ஞாயிற்றுக்கிழமை. திருச்சபை திருக்குடும்ப விழாவைக் கொண்டாடிய நாள். அன்று காலை வந்த கடற்கோள் இந்நாட்டில் 30,000க்கும் மேற்பட்ட உயிர்களைக் கொண்டு சென்றது. முதல்நாள் உடுத்த நத்தார்ச் சட்டையைக் கழற்ற மாட்டேன் என அடம்பிடித்து, அதனோடேயே உறங்கி எழுந்த அவருடைய ஆறு வயது மகளும் அவர்களுள் ஒருத்தி.

அடுத்த ஆண்டு நத்தார் வந்தபோது, அவர் தம்மை அறியாமலே கடைக்குச் சென்று ஆறு வயதுப் பிள்ளைக்கான சட்டையொன்றை வாங்கிவிட்டார். வீட்டுக்கு வந்த பின்னரே மனைவியும் அவரும் ஒருவரையொருவர் பார்த்து அழுதனர். அந்தச் சட்டையை என்ன செய்வது? பெட்டிக்குள் வைக்க மனைவி உடன்படவில்லை. அயலில் இருந்த ஆறு வயதுப் பிள்ளையொன்றைக் கூப்பிட்டு உடுத்தி அனுப்பினார். அன்றிலிருந்து ஒவ்வொரு நத்தாருக்கும் ஓர் ஆறு வயதுச் சட்டை வாங்குவதும், ஊரில் ஆறு வயதான ஒரு பிள்ளைக்குக் கொடுப்பதும் அவ்வீட்டின் வழக்கமாயிற்று. 2008இன் நத்தாரில் வன்னி மக்கள் இடம்விட்டு இடம் ஓடிக்கொண்டிருந்தபோது வாங்கக் கடையும் இல்லை, கையில் காசும் இல்லை. மனைவி தமது சேலையை வெட்டி, தறப்பாள் கொட்டிலுக்குள் இருந்து கையாலேயே ஒரு சட்டை தைத்தாராம்.

சென்ற ஆண்டு அவரைத் தற்செயலாகச் சந்தித்தேன். “முதல் சட்டை போட்ட பிள்ளைக்கு இப்ப கலியாணம் முடிஞ்சுது ஃபாதர். எங்கடை பிள்ளையின்ரை ஞாபகம் ஊர் முழுக்க நடந்து திரியுது” என்றார். அன்றிரவு அறைவீட்டு அலுமாரியின் திறப்பு என் சட்டைப்பையில் பாரமாக இருந்தது.

மரியா காத்த ஞாபகம்

லூக்கா நற்செய்தியின் இரண்டாம் அதிகாரத்தை எடுத்துப் பாருங்கள். இடையர்கள் கண்டதை எல்லாருக்கும் அறிவிக்கின்றனர்; கேட்டோர் வியப்படைகின்றனர். மரியாவோ யாவற்றையும் தம் உள்ளத்தில் வைத்துச் சிந்திக்கிறார். 19ஆம் வசனத்தில் இதைக் கூறிய நற்செய்தியாளர், பன்னிரண்டு வயதில் இயேசு காணாமற்போய் ஆலயத்தில் கண்டெடுக்கப்பட்ட நிகழ்வின் முடிவில், 51ஆம் வசனத்தில், மரியா யாவற்றையும் உள்ளத்தில் காத்துவந்ததை மீண்டும் நினைவூட்டுகிறார். 19ஆம் வசனத்தில் ‘சிந்தித்தல்’ என நாம் படிக்குமிடத்தில் கிரேக்க மூலத்திலுள்ள சொல், சிதறியவற்றை ஒன்றோடொன்று சேர்த்துப் பார்ப்பதைக் குறிப்பது. மகிழ்ச்சியையும் விளங்காத துயரத்தையும் அருகருகே வைத்து, இறைவன் இவற்றால் என்ன சொல்கிறார் என்று அன்னை நோக்கினார். மரியா தீவனத்தொட்டியை நாசரேத்துக்கு எடுத்துச் சென்றதாக நற்செய்தி கூறவில்லை. அவர் பிள்ளையையே எடுத்துச் சென்றார். ஈற்றில் அந்தப் பிள்ளையையும் உலகிற்குக் கொடுத்தார்.

1223ஆம் ஆண்டு நத்தார் இரவில் இத்தாலியின் கிரேச்சோ என்னும் ஊரில் அசிசி நகர்ப் புனித பிரான்சிஸ் குடிலொன்றை அமைத்தார். அங்கே சுரூபங்கள் எவையும் இருக்கவில்லை. ஒரு தீவனத்தொட்டி, வைக்கோல், உயிருள்ள மாடு, கழுதை ஆகியவற்றோடு திருப்பலி ஒப்புக்கொடுக்கப்பட்டது. அந்த வைக்கோலை மக்கள் பத்திரப்படுத்தினார்கள். பத்திரப்படுத்தியது பார்த்துக்கொண்டிருப்பதற்கு அன்று. நோயுற்ற கால்நடைகளுக்கு அது கொடுக்கப்பட்டதாக அப்புனிதரின் வரலாற்றை முதலில் எழுதிய செலானோ தோமா குறிப்பிடுகிறார்.

உரோமையிலுள்ள புனித மரியா பெருங்கோவிலில், ஆண்டவரின் தீவனத்தொட்டிக்குரியவை எனப் பல நூற்றாண்டுகளாகப் போற்றப்படும் மரத்துண்டுகள் உள்ளன. 2019 நவம்பரில் திருத்தந்தை பிரான்சிஸ் அவற்றில் ஒரு சிறு பகுதியைப் பெத்லகேமுக்கு அனுப்பி வைத்தார். சில நாட்களின் பின், டிசெம்பர் முதலாம் நாள், கிரேச்சோவுக்கே சென்று, குடிலின் பொருளை விளக்கும் திருத்தூது மடலில் கையொப்பமிட்டார். 2025 ஏப்ரலில் இறைவனடி சேர்ந்த அவர், தம் விருப்பப்படியே அந்தப் பெருங்கோவிலில் துயில்கொள்கிறார். திருச்சபை தன் அரிய ஞாபகச்சின்னத்தைப் பங்கிட்டுக் கொடுக்க முடியுமாயின், நான் ஒரு சாண் சுரூபத்தைப் பற்றிப்பிடித்திருந்தது எதற்காக?

தம் நினைவாகச் செய்யும்படி ஆண்டவர் நமக்கு விட்டுச்சென்றதும் பிட்டுக் கொடுக்கப்படும் ஓர் அப்பமே. பிட்கப்படாமல் பேழைக்குள் பூட்டப்படுவதற்காக அவர் அதைத் தரவில்லை.

இந்த நத்தாருக்கு

அன்புக்குரியவர்களே, உங்கள் வீட்டிலும் ஏதேனும் ஒன்று இருக்கும். தாத்தா எழுதிய வாழ்த்து மடலாக, கேக் அடிக்கும் பழைய பாத்திரமாக, பயற்றம் பணியாரத்துக்கு அம்மா வைத்த கைப்பக்குவமாக, காணாமற்போன மகன் செய்த நட்சத்திரக் கூட்டின் ஈர்க்குச் சட்டமாக அது இருக்கலாம். போரும் கடலும் கொண்டுபோனதால் பொருளென்று ஒன்றுமே எஞ்சாத வீடுகளும் நம்மிடையே உண்டு என்பதை அறிவேன். அவ்வீடுகளுக்கும் ஒரு கதை எஞ்சியிருக்கிறது. ஒரு வழக்கம் எஞ்சியிருக்கிறது. அவற்றை யாரும் கொள்ளையிட முடியாது.

இவ்வாண்டு மூன்று காரியங்களைச் செய்யுமாறு உங்களை வேண்டுகிறேன். முதலாவதாக, குடில் கட்டும்போது உங்கள் பிள்ளைகளை அருகில் அமர்த்தி, ஒவ்வொரு பொருளின் வரலாற்றையும் பெயர்களோடு சொல்லுங்கள். துயரமான பகுதியை மறைக்க வேண்டாம். அழுகை வந்தால் வரட்டும். இரண்டாவதாக, இறந்த ஒருவருடைய நினைவாக, உயிரோடிருக்கும் ஒருவருக்கு ஏதேனும் கொடுங்கள். மூன்றாவதாக, ஒரு பொருளுக்காகவோ காணிக்காகவோ பேச்சு நின்றுபோன உடன்பிறப்பு உங்களுக்கு இருப்பின், இந்த நத்தாருக்கு முன் நீங்களே முதலில் அழையுங்கள்.

மூன்றாவதை நான் செய்துவிட்டேன். சென்ற வாரம் அக்காவை அழைத்தேன். “அக்கா, பாலன் வாறார்” என்றதும் மறுமுனையில் நெடுநேரம் சத்தமே இல்லை. பின்னர், “அந்தச் சேலையோடை அனுப்பு” என்றார். ரொறன்ரோ செல்லும் எங்கள் பங்கைச் சேர்ந்த ஒருவரிடம், அம்மாவின் அதே சேலையில் சுற்றிப் பாலனை ஒப்படைத்தேன். கூடவே, 1995ஆம் ஆண்டின் கதையை இரண்டு பக்கங்களில் எழுதி அனுப்பியுள்ளேன். 24ஆம் நாள் இரவு என் மருமகள் அதை உரத்து வாசித்த பின்னரே பாலனைக் குடிலில் வைக்க வேண்டும் என்பது ஏற்பாடு. பரிஸிலுள்ள தம்பியும் அவ்வேளையில் தொலைபேசியில் இணைந்திருப்பான். உடைந்த இரண்டு விரல்களை ஒட்டவோ வர்ணம் பூசவோ வேண்டாம் என்று நான் எழுதுவதற்கு முன்னரே அக்கா சொல்லிவிட்டார்.

அறைவீட்டுக் குடிலுக்கு என்ன செய்வது என்று மறைக்கல்விப் பிள்ளைகளிடம் கேட்டேன். குளத்துக் களிமண்ணில் அவர்களே ஒரு பாலனைச் செய்து வெயிலில் காயவைத்திருக்கிறார்கள். ஒரு கண் பெரிது, மறுகண் சிறிது. செய்தவர்களுக்குள் ஆகச் சிறியவள், அதைத் தானே வைக்கப்போவதாக இப்போதே உரிமை கோரிவிட்டாள்.

வீடின்றிப் பிறந்து, வழிநெடுக நம்மோடு நடந்து வந்த பாலன் இயேசு, உங்கள் இல்லங்களிலும், பிரிந்து தொலைவில் வாழும் உங்கள் உறவுகளின் இல்லங்களிலும் இந்த நத்தாரில் இடம் பெறுவாராக. இறைவன் உங்கள் அனைவரையும் ஆசீர்வதிப்பாராக.